முன்னூற்றுப் பதின்மூன்று

குற்ற வழக்கில் எல்லாரும் பேசுவார்கள். புகார்தாரர் பேசுவார், பக்கத்து வீட்டுக்காரர் பேசுவார், காயத்துக்குத் தையல் போட்ட டாக்டர் பேசுவார், வி.ஏ.ஓ. பேசுவார், கடைசியாக இன்ஸ்பெக்டர் வந்து எல்லாவற்றையும் மறுபடி பேசுவார். வக்கீல்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். யார் சிறைக்குப் போவதா வீட்டுக்குப் போவதா என்று தீர்மானிக்க வேண்டியிருக்கிறதோ, அந்த ஆள் மட்டும் வாய்தாவுக்கு வாய்தா வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டுத் திரும்புவார். குற்றச்சாட்டைப் படித்துக் காட்டும்போது ‘நான் குற்றவாளி இல்லை’ என்று ஒரு தடவை சொல்வதோடு சரி. அதற்குப் பிறகு அவர் வாயைத் திறக்கச் சட்டமே கட்டாயமாக ஏற்படுத்தி வைத்திருக்கும் கட்டம் ஒன்றுதான். அரசுத் தரப்புச் சாட்சிகள் அத்தனை பேரும் முடிந்த பின், அவர்கள் சொன்னவற்றில் அவருக்கு எதிராக இருப்பதை ஒவ்வொன்றாக எடுத்து, ‘இதற்கு என்ன சொல்கிறீர்கள்?’ என்று நீதிபதி அவரையே நேராகக் கேட்க வேண்டும். நாங்கள் அதை ‘முன்னூத்திப் பதிமூணு’ என்போம்.

1973-ஆம் ஆண்டு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பிரிவு எண் அது. அதற்கு முன்பிருந்த 1898-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 342. 2024 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்திருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 351. எண் மாறியதே தவிர, சேலம் அஸ்தம்பட்டி நீதிமன்ற வராந்தாவில் யாரும் ‘முன்னூத்தி அம்பத்தொண்ணு’ என்று சொல்லி நான் கேட்டதில்லை. பழைய வழக்குகள் பழைய சட்டத்தின்படியே நடந்துகொண்டிருப்பதும் ஒரு காரணம்.

நான் ஆட்டையாம்பட்டிக்காரன். கைமுறுக்குக்குப் பெயர்போன ஊர் என்று வெளியூர்க்காரர்களுக்குத் தெரியும்; தறிச் சத்தத்தில் வளர்ந்த ஊர் என்பது எங்களுக்குத் தெரியும். திருச்செங்கோடு பஸ்ஸில் ஏறினால் கொஞ்ச தூரத்தில் காளிப்பட்டி, மல்லசமுத்திரம் என்று நாமக்கல் மாவட்டம் வந்துவிடும். அதனால் என்னிடம் வருகிறவர்களில் பாதிப்பேருக்குச் சேலம் கோர்ட், மீதிப்பேருக்குத் திருச்செங்கோடு, நாமக்கல் கோர்ட். எந்தக் கோர்ட்டாக இருந்தாலும் 313 அன்று எங்கள் பக்கத்து ஆட்கள் சொல்லும் பதில் ஒன்றுதான்: ‘பொய்ங்க.’

முதல் கேள்விக்கும் பொய்ங்க, பதினேழாம் கேள்விக்கும் பொய்ங்க. ‘உங்களைக் கைது செய்ததாக ஆய்வாளர் சொல்கிறாரே?’ பொய்ங்க. கைது நிஜம்தான், அந்தக் கைதினால்தான் இங்கே நிற்கிறார். ‘காயம்பட்டவருக்கு அரசு மருத்துவமனையில் சிகிச்சை கொடுத்ததாக மருத்துவர் சொல்கிறாரே?’ பொய்ங்க. அடிபட்டது ஊருக்கே தெரியும். இப்படிச் சொல்லச் சொல்லி அனுப்பியது வேறு யாருமில்லை, வக்கீல்தான். வராந்தாவில் நின்றபடி, ‘எல்லாத்துக்கும் பொய்னு சொல்லிரு, கடைசியில சாட்சி உண்டான்னு கேட்டா இல்லைனு சொல்லிரு’ என்று குமாஸ்தாவே சொல்லி அனுப்புவதும் உண்டு. நீதிமன்றத்துக்கு வேலை சுருக்கமாக முடிகிறது. தட்டச்சு செய்த தாளில் பதில் இடத்தில் ‘பொய்’ என்ற சொல் வரிசையாக இறங்கிப் போகிறது. எல்லாவற்றையும் பொய் என்று சொன்னவர் சொல்லும் ஒரே ஒரு நிஜமான மறுப்பும் அந்த வரிசையில் அடையாளம் இல்லாமல் போய்விடுகிறது என்பதுதான் என் மனக்குறை. தீர்ப்பில், ‘எதிரி வெறுமனே மறுத்துள்ளார், எந்த விளக்கமும் தரவில்லை’ என்று ஒரு வாக்கியம் வரும் (குற்றம் சாட்டப்பட்டவரைக் கோர்ட் தமிழில் ‘எதிரி’ என்போம்). அந்த வாக்கியத்தை எழுத வைத்தது நாங்களே.

இந்தக் கட்டத்தை ஒரு சடங்காகச் சட்டம் நினைக்கவில்லை. 1951-இல் தாரா சிங் வழக்கில் உச்ச நீதிமன்ற நீதிபதி விவியன் போஸ் எழுதியதை ஒவ்வோர் இளம் வக்கீலும் ஒரு தடவை படிக்க வேண்டும். நீளமான சங்கதிகளை ஒன்றாகக் கோத்து, மொத்தமாக ‘இதற்கென்ன சொல்கிறாய்’ என்று கேட்பது கேள்வியே ஆகாது என்றார். ஒவ்வொரு முக்கியமான சங்கதியையும் தனித்தனியாக, எழுதப்படிக்கத் தெரியாதவருக்கும் விளங்கும்படி கேட்க வேண்டும்; படித்தவராகவே இருந்தாலும் கொலைக் குற்றச்சாட்டை எதிர்கொண்டு நிற்பவரின் மனம் கலங்கித்தான் இருக்கும் என்பதை நினைவில் வைக்க வேண்டும் என்பது அவர் சொன்னதன் சாரம். 1984-இல் சரத் பிர்திசந்த் சார்தா வழக்கில் அடுத்த படி வந்தது. எதிரியிடம் கேட்காத ஒரு சங்கதியை அவருக்கு எதிராகப் பயன்படுத்தவே கூடாது. 2023-இல் ராஜ்குமார் என்பவரின் டெல்லி வழக்கில், அவருக்கு எதிராக இருந்த முக்கியமான சங்கதியை விசாரணை நீதிமன்றம் அவரிடம் கேட்கவே இல்லை என்பதைக் கண்ட உச்ச நீதிமன்றம், கால் நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்ட நிலையில் மறுபடி கேட்கச் சொல்லித் திருப்பி அனுப்புவதும் நியாயமில்லை என்று அவரை விடுவித்தது.

இதில் இன்னும் மூன்று பாதுகாப்புகள் இருக்கின்றன. சத்தியப் பிரமாணம் கிடையாது. பதில் சொல்ல மறுத்தால் தண்டனை கிடையாது. பதில் பொய்யாக இருந்தாலும் அதற்காகத் தண்டிக்க முடியாது. ‘தன்னைத் தானே மாட்டிவிடும்படி யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது’ என்று அரசியலமைப்பின் 20(3) சொல்வதை விசாரணைக் கூடத்துக்குள் நடத்திக் காட்டும் பிரிவு இது. சத்தியம் செய்து கூண்டேறிச் சாட்சியாகவே பேச விரும்பினால் அதற்கும் 1955 முதல் தனி வழி இருக்கிறது. ஆனால் எழுத்து மூலம் எதிரியே கேட்டால்தான். அவர் ஏறாததை வைத்து அரசு வக்கீல் ஒரு வார்த்தை விமர்சிக்கக் கூடாது. இங்கிலாந்தில் எல்லா வழக்குகளிலும் எதிரி சத்தியம் செய்து சாட்சி சொல்லலாம் என்று ஆனதே 1898-இல்தான். பெரிய குற்றங்களில் எதிரிக்காக வக்கீல் முழு வாதம் செய்யலாம் என்றானது 1836-இல். அதற்கு முன்னால் அங்கே எதிரி தனக்காகத் தானே பேசினான். இங்கே வக்கீல் வந்தார், எதிரியின் குரல் போய்விட்டது.

வேலை எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன். 313-க்கான தயாரிப்பு முதல் சாட்சி கூண்டேறும் முன்பே தொடங்க வேண்டும். எதிரி கடைசியில் சொல்லப் போவது என்ன என்று தெரியாமல் குறுக்கு விசாரணைக்கு எழுந்திருக்கவே கூடாது. ஏனென்றால் அவர் 313-இல் புதிதாக ஒன்றைச் சொன்னால், ‘இதை இதற்கு முன் எந்தச் சாட்சியிடமும் கேட்கவில்லை, இது பின்யோசனை’ என்று தீர்ப்பில் ஒதுக்கிவிடுவார்கள். அதனால் சம்பந்தப்பட்ட ஒவ்வொரு சாட்சியிடமும் ‘அன்றைக்கு நடந்தது இதுதான் என்றால் சரிதானா?’ என்று போட்டுவிட வேண்டும். ‘சரியல்ல’ என்றுதான் பதில் வரும். வரட்டும். கேள்வி பதிவாகியிருப்பதுதான் காரியம். பாவில் ஓர் இழை விட்டுப்போனால் துணி நெடுகக் கோடு விழுகிற மாதிரி, முதல் சாட்சியிடம் விட்டது கடைசித் தீர்ப்பு வரைக்கும் தெரியும்.

எங்கள் ஊரை ஒட்டிய ஒரு வழக்கைச் சொல்கிறேன், அடையாளங்களை மாற்றியிருக்கிறேன். தறி ஓட்டுகிற ஓர் இளைஞர் மேல் கொலை முயற்சி வழக்கு. அட்வான்ஸ் பணத் தகராறில் ராத்திரி டீக்கடை முக்கில் ஒருவரைக் கத்தியால் குத்தினார் என்று புகார். காயம்பட்டவரே சாட்சி. ‘தெருவிளக்கு வெளிச்சத்தில் அடையாளம் பார்த்தேன்’ என்று போலீஸ் வாக்குமூலத்திலேயே இருக்கிறது. பார்வை மகஜரில் விளக்குக் கம்பம் இருக்கிறது. மாதிரி வரைபடத்திலும் கம்பம் போட்டிருக்கிறார்கள். கைது, ஒப்புதல் வாக்குமூலம், ஏரிக்கரை முட்புதரிலிருந்து கத்தி எடுத்துக் கொடுத்தது, வி.ஏ.ஓ. கையெழுத்து என்று எல்லாம் வரிசையாக இருந்தது. இந்தக் கத்தி எடுக்கிற கதையைத் தமிழ்நாட்டுக் குற்ற வழக்கு வக்கீல் யாராக இருந்தாலும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவார். போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் செல்லாது. ஆனால் அதனால் கண்டுபிடிக்கப்பட்ட பொருளைப் பற்றிய பகுதி மட்டும் செல்லும். பழைய சாட்சியச் சட்டத்தில் பிரிவு 27, இப்போது பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 23. 1946-இல் குண்டூர்ப் பக்கத்து வழக்கான புலுக்குரி கோட்டையாவில் பிரிவி கவுன்சில் போட்ட கோடுதான் இன்றைக்கும் கோடு: கத்தி இருந்த இடம் அவருக்குத் தெரியும் என்பது வரைக்கும் சரி, ‘இதனால்தான் குத்தினேன்’ என்பது சேராது.

கட்டுகளோடு அந்தப் பையன் வீட்டுக்குப் போனேன். அலுவலகத்துக்கு வரச் சொன்னால் இவர்கள் நாற்காலி நுனியில் உட்கார்ந்துகொண்டு எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார்கள். தங்கள் திண்ணையில் உட்கார்ந்தால்தான் வாய் வரும். குற்றப்பத்திரிகையை அவருக்குப் புரிகிற தமிழில் வரி வரியாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். விளக்கு வெளிச்சம் என்ற இடம் வந்ததும் நிறுத்தினார்.

“அன்னிக்கு ஏதுங்கய்யா வெளக்கு? கரண்டே இல்லையே.”

“உனக்கு எப்படிப்பா தெரியும்?”

“தறி நின்னுபோச்சுங்க. ஊரே அமைதியாயிருச்சு. நாங்க எல்லாரும் வெளிய வந்து உக்காந்துட்டோம்.”

விசைத்தறி ஊரில் வாழ்ந்தவர்களுக்கு இது புரியும். மின்சாரம் போனதைக் கண்ணை விடக் காதுதான் முதலில் சொல்லும். அதுவரை இரைந்துகொண்டிருந்த தெரு சட்டென்று அடங்கிவிடும். இத்தனை மாதம் யாரும் அவரிடம் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. ரிமாண்டின்போது கேட்கவில்லை, ஜாமீன் மனுவின்போதும் கேட்கவில்லை.

கேட்டதும் எனக்கு வந்தது சந்தோஷம் மட்டுமில்லை. கரண்ட் போனால் அடையாளம் பார்த்தது அடிபடும். அதே கரண்ட் போனால் அவர் தறியில் இருந்தார் என்பதும் அடிபடும். தறி ஓடிக்கொண்டிருந்தால் அவர் பட்டறைக்குள் இருந்திருப்பார். நின்றதனால் வெளியே வந்தார். வெளியே வந்தவர் டீக்கடை முக்குக்குப் போகவில்லை என்று யார் சொல்வது? முதலாளியைச் சாட்சிக்குக் கூப்பிட்டு, ‘ராத்திரி முழுக்க வேலையில் இருந்தான்’ என்று சொல்ல வைத்துவிடலாம் என்று ஒரு யோசனை வீட்டாரிடமிருந்து வந்தது. நெய்த துணியின் மீட்டர் கணக்கு நோட்டில் அன்றைய தேதிக்கு அவர் பேரில் கணக்கும் இருந்தது. நான் ஒத்துக்கொள்ளவில்லை. பொய்ச் சாட்சி கூடாது என்பது முதல் காரணம். அதோடு அரசு வக்கீல் அந்த முதலாளியிடம் ‘கரண்ட் எப்போது போனது?’ என்று கேட்டால் இரண்டும் சேர்ந்து விழும்.

முழுவதையும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தோம். காயம்பட்டவரிடம் வெளிச்சத்தைப் பற்றி நிதானமாகக் கேட்டேன். எந்தக் கம்பம், எத்தனை அடி, எந்தப் பக்கம் முகம் திரும்பியிருந்தது என்று அவரையே விரிவாகச் சொல்ல விட்டேன். மறுக்க வைக்கிற கேள்வியைக் கடைசியில்தான் போட்டேன். விசாரணை அதிகாரியிடம், மின்வாரிய ஊழியர் யாரையாவது விசாரித்தீர்களா என்று கேட்டேன், இல்லை என்றார். 313 அன்று அந்தப் பையன் டாக்டர் சொன்னதைப் பற்றிக் கேட்டபோது ‘தெரியாதுங்க’ என்றார். கைதைப் பற்றிக் கேட்டபோது, கைது செய்தது நிஜம், ஆனால் சொல்லும் இடத்தில் இல்லை என்றார். வெளிச்சத்தைப் பற்றிய கேள்வி வந்ததும், கரண்ட் போனது, தறி நின்றது, பட்டறை வாசலில் மற்றவர்களோடு உட்கார்ந்திருந்தது என்று மூன்றே வாக்கியம். நீதிபதி நிமிர்ந்து பார்த்துவிட்டு, அவர் சொன்னபடியே எழுதச் சொன்னார். பிறகு துணை மின்நிலையப் பதிவேட்டோடு ஊழியர் ஒருவரை எதிர்த்தரப்புச் சாட்சியாக வரவழைத்தோம். சந்தேகத்தின் பலன் கிடைத்தது. தீர்ப்பில் என் வாதத்தை விட அவருடைய மூன்று வாக்கியத்துக்குத்தான் இடம் அதிகம்.

இதைச் சொன்னதால், எல்லாரும் எல்லா வழக்கிலும் பேசித் தீர வேண்டும் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பேசாமல் இருப்பதுதான் சரி என்கிற வழக்குகள் நிறைய. அரசுத் தரப்புச் சங்கிலியில் கண்ணிகளே இல்லாதபோது நாமாக ஒரு கண்ணியைச் செய்துகொடுப்பது மடத்தனம். பொய்யான விளக்கத்தை, மற்றக் கண்ணிகள் முழுமையாக இருந்தால் மட்டுமே, கூடுதல் கண்ணியாக எடுக்கலாம் என்று சார்தா தீர்ப்பு வரம்பு கட்டியிருக்கிறது. ஆனால் விசாரணை நீதிமன்றத்தில் அந்த வரம்பு அடிக்கடி தளர்ந்துபோகும். இதற்கு நேர்மாறானது, வீட்டுக்குள் மனைவி இறந்துகிடக்கும் வழக்கு. அங்கே அந்த ராத்திரி என்ன நடந்தது என்பது கணவனுக்கு மட்டுமே தெரிந்த சங்கதி என்று நீதிமன்றம் எதிர்பார்க்கும். 2006-இன் திரிமுக் மாரோதி கிர்க்கன் தீர்ப்புக்குப் பிறகு அந்த எதிர்பார்ப்பு வலுத்திருக்கிறது. அங்கே ‘பொய்ங்க’ என்பது கழுத்துக்குக் கயிறு. எந்த வழக்கு எந்த வகை என்று பிரித்துப் பார்ப்பதுதான் தொழில். அதைச் சொல்லித்தரும் புத்தகம் இல்லை. சீனியர் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

சொன்னதற்கும் எழுதப்பட்டதற்கும் நடுவில் ஒரு மனிதனின் வாழ்க்கையே விழுந்துவிடலாம் என்பதற்குத் தமிழ்நாட்டில் பெரிய உதாரணம் ராஜீவ் காந்தி கொலை வழக்கு. 1998 ஜனவரி 28 அன்று பூந்தமல்லி தனி நீதிமன்றம் 26 பேருக்கும் தூக்கு விதித்தது. தடா சட்டத்தின் 15-ஆம் பிரிவு, போலீஸ் கண்காணிப்பாளர் பதிவு செய்யும் ஒப்புதலையே சாட்சியமாக்கியது. வழக்கின் முதுகெலும்பு அதுதான். உச்ச நீதிமன்றத்தில் எதிரிகளுக்காக மூத்த வழக்கறிஞர் என். நடராஜன் வாதாடினார். 1999 மே 11 தீர்ப்பில் தடா குற்றச்சாட்டுகள் அடிபட்டன. 19 பேர் கொலைக் குற்றத்திலிருந்து விடுபட்டு வெளியே வந்தார்கள். நான்கு பேருக்குத் தூக்கு நின்றது, அவர்களில் ஒருவர் பேரறிவாளன். தடா போனாலும் அந்தச் சட்டத்தின் கீழ் எடுத்த ஒப்புதல்களைக் கொலைக் குற்றத்துக்குப் பயன்படுத்தலாம் என்றது தீர்ப்பு. பேரறிவாளன் கைதானபோது வயது 19. ஒன்பது வோல்ட் பேட்டரிகள் வாங்கிக் கொடுத்தார் என்பது அவர் மேல் இருந்த முக்கியமான சங்கதி. அவரிடம் ஒப்புதலைப் பதிவு செய்த சி.பி.ஐ. அதிகாரி தியாகராஜன் 2013-இல், பேட்டரி எதற்கு என்று தனக்குத் தெரியாது என அவர் சொன்ன பகுதியைத் தாம் எழுதவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். உச்ச நீதிமன்றம் அவருடைய தண்டனைத் தீர்ப்பை ரத்து செய்யவில்லை. அரசியலமைப்பின் 142-ஐப் பயன்படுத்தி 2022 மே 18 அன்று விடுவித்தது. அந்த வழக்கைப் பற்றி யாருக்கு என்ன அபிப்பிராயம் இருந்தாலும் இருக்கட்டும். ஒரு வாக்கியம் விட்டுப்போனால் என்ன ஆகும் என்று ஜூனியர்கள் கேட்டால், நான் வேறு உதாரணம் தேடுவதில்லை.

சேலத்துக்காரர்களுக்கு இதைவிடப் பழைய உதாரணம் ஒன்று உண்டு. சேலம் சி. விஜயராகவாச்சாரியார், 1920 நாக்பூர் காங்கிரஸுக்குத் தலைமை வகித்தவர், வக்கீல் தொழிலைத் தொடங்கிய புதிதில் 1882 சேலம் கலவரத்தைத் தூண்டியதாகக் குற்றம் சாட்டப்பட்டுப் பத்தாண்டு தண்டனை பெற்றார். மேலே போய்ப் போராடிக் குற்றமற்றவர் என்று நிலைநாட்டினார். பறிபோன நகராட்சிப் பதவிக்காக அரசு மேலேயே வழக்குப் போட்டு நூறு ரூபாய் நஷ்ட ஈடும் வாங்கினார். நூறு ரூபாய் பெரிதில்லை, கொடுக்க வேண்டியவர் யார் என்பதுதான் பெரிது. எனக்குப் பிடித்தது அதற்கு அடுத்த சங்கதி: அதே கலவரத்தில் தண்டனை பெற்றுச் சிறையில் இருந்த மற்றவர்களுக்காகவும் அவர் வாதாடி விடுதலை வாங்கினார்.  எதிரிக் கூண்டில் நின்று பார்த்த வக்கீல் ஒருவர் அவர்களுக்குக் கிடைத்தார், அவ்வளவுதான்.

‘இவனுக்கா ஆஜராகிறே?’ என்று கேட்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். எங்கள் ஊர் டீக்கடையிலும் கேட்டிருக்கிறார்கள். ஒருவர் குற்றவாளியா இல்லையா என்ற தன் சொந்த அபிப்பிராயத்தைப் பொருட்படுத்தாமல் வக்கீல் வாதாட வேண்டும் என்று பார் கவுன்சில் விதியே இருக்கிறது. அந்த விதியை வக்கீல்களே மீறியபோதுதான் உச்ச நீதிமன்றம் உரத்துப் பேசியது, அதுவும் நம் பக்கத்துக் கோயம்புத்தூர் விவகாரத்தில். வக்கீல்களுக்கும் போலீஸுக்கும் மோதல் வந்து, வழக்கில் சிக்கிய போலீஸ்காரர்களுக்காக யாரும் ஆஜராகக் கூடாது என்று வழக்கறிஞர் சங்கம் தீர்மானம் போட்டது. 2010 டிசம்பரில் ஏ.எஸ். முகமது ரஃபி வழக்கின் தீர்ப்பில் நீதிபதிகள் மார்க்கண்டேய கட்ஜுவும் கியான் சுதா மிஸ்ராவும், இப்படிப்பட்ட தீர்மானங்கள் எந்தச் சங்கம் போட்டாலும் செல்லாது என்றார்கள். 1792-இல் தாமஸ் பெய்னுக்காக வாதாடியதால் பதவியை இழந்த எர்ஸ்கினை அந்தத் தீர்ப்பு நினைவுகூர்கிறது.

வெறுக்கப்படும் எதிரிக்கு முழு விசாரணை கொடுப்பதால் தீர்ப்பு பலவீனமாகும் என்று நினைப்பவர்கள் எங்கள் பஸ்ஸின் மறுமுனையான திருச்செங்கோட்டைப் பார்க்கலாம். 2015-இல் பொறியியல் மாணவர் கோகுல்ராஜ் அந்த மலைக்கோயிலிலிருந்து கடத்திக் கொல்லப்பட்ட வழக்கில் முக்கியமான சாட்சி பிறழ்ந்துவிட்டார். மிஞ்சியது பெரும்பாலும் கோயில் சி.சி.டி.வி. பதிவும் அதைச் சுற்றிய தொழில்நுட்பச் சாட்சியமும். எதிர்த்தரப்பு அந்தப் பதிவை அக்குவேறு ஆணிவேறாகக் கேள்வி கேட்டது, கேட்க வேண்டியதுதான். மேல்முறையீட்டை விசாரித்த நீதிபதிகள் எம்.எஸ். ரமேஷும் என். ஆனந்த் வெங்கடேஷும் 2023 ஜனவரியில் தாங்களே கோயிலுக்கு வந்து கேமராக்கள் இருந்த இடங்களைப் பார்த்தார்கள். அதே ஆண்டு ஜூன் 2 அன்று முக்கிய எதிரியின் தண்டனையை உறுதி செய்தார்கள். எதிர்த்தரப்பு வாயடைத்திருந்தால் அந்த நேரடிப் பார்வைக்கு அவசியமே வந்திருக்காது. தீர்ப்புக்கு இந்த உறுதியும் வந்திருக்காது.

பணம் கட்ட முடியாதவருக்கு வக்கீல் கொடுப்பது தயவு என்ற எண்ணம் இன்னும் போகவில்லை. 1979-இல் ஹுஸைனாரா காத்தூன் வழக்கிலேயே அது உரிமை என்று ஆகிவிட்டது. சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கான சட்டம் 1987-இல் வந்து, 1995 நவம்பர் 9 முதல் நடப்பில் இருக்கிறது. 2019-இல் அனோகிலால் வழக்கில், ஆயுள் அல்லது தூக்கு வரக்கூடிய வழக்குக்குப் பத்தாண்டு அனுபவம் உள்ளவரைத்தான் அமர்த்த வேண்டும், தயாரிக்கக் குறைந்தது ஏழு நாள் கொடுக்க வேண்டும் என்றும் சொல்லியாயிற்று. ஏழு நாளில் கட்டைப் படிக்கலாம். கட்சிக்காரர் சேலம் மத்தியச் சிறையில் இருந்தால், நேர்காணல் அறையின் இரைச்சலில் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று ‘அந்த ராத்திரி என்னப்பா நடந்தது?’ என்று கேட்டு நிஜமான பதிலை வாங்குவது வேறு விஷயம்.

இப்போது 313 கேள்விகள் காணொலியிலும் நடக்கின்றன. கட்சிக்காரர் சிறையில் ஒரு திரைக்கு முன்னால், நீதிபதியும் நானும் இங்கே. குரல் அறுந்து அறுந்து வரும். கேள்வி புரியாதபோது நேரிலென்றால் அவர் என்னைத் திரும்பிப் பார்ப்பார். ஒரு தலையசைப்பில், ‘புரியலைன்னு சொல்லு’ என்று தைரியம் கொடுத்துவிடலாம். திரையில் அவர் பார்ப்பது கேமராவையா, ஜெயில் வார்டரையா, என்னையா என்று தெரியாது. புதிய சட்டம் 316-இல், இப்படிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் எதிரியின் கையெழுத்து வாங்க வேண்டும் என்கிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் என் வரையில், சிறையில் இருப்பவரை 313-க்கு நேரில் கொண்டுவர வேண்டும் என்று மனுப் போடாமல் இருந்ததில்லை.

2009 திருத்தம் இரண்டு கதவுகளைத் திறந்துவிட்டது. கேள்விகளைத் தயாரிக்க இரு தரப்பு வக்கீல்களின் உதவியையும் நீதிமன்றம் பெறலாம். எதிரி எழுத்து மூலம் வாக்குமூலம் தரலாம். கேள்விப் பட்டியலை முன்னதாகக் கேட்டு நான் மெமோ போடுவேன். சில நீதிபதிகள் தருவார்கள். சிலர் ‘என்ன வக்கீல் சார், பரீட்சைக்கு முன்னாடியே கேள்வித்தாள் கேட்கிறீங்களா?’ என்பார்கள். தராவிட்டால் சாட்சியங்களின் நகலை வைத்து நானே கேள்விகளை எழுதிக்கொண்டு உட்காருவேன். கேள்வியை ஒரு தடவை காதால் கேட்டுவிட்டால் அந்த ஆளுக்குப் பாதிப் பயம் போய்விடும். பதிலை மட்டும் நான் எழுதித் தருவதில்லை. எழுதித் தந்தால் ஒப்பிப்பார், ஒப்பிப்பது நீதிபதிக்குத் தெரிந்துவிடும்.

கேள்வி முடிந்த பிறகும் ஒரு படி இருக்கிறது. அதை யாரும் கவனிப்பதில்லை. பதிவு செய்ததை எதிரிக்குப் படித்துக் காட்ட வேண்டும், திருத்தவோ சேர்க்கவோ அவருக்கு உரிமை உண்டு. நடைமுறையில் தாளைத் திருப்பி, ‘இங்க கையெழுத்துப் போடும்மா’ என்பதோடு தீர்ந்துவிடும். முறுக்குச் சுற்றிப் பிழைக்கும் அம்மா ஒருவர். ஏலச்சீட்டு நடத்தி ஏமாற்றியதாக வழக்கு. அவருக்கு எழுதப்படிக்கத் தெரியாது. பெஞ்ச் கிளார்க் மை டப்பாவை நகர்த்தியபோது, படித்துக் காட்டச் சொல்லி எழுந்து கேட்டேன். மதிய இடைவேளை நேரம், யாருக்கும் பிடிக்கவில்லை. படித்தார்கள். அந்த அம்மா கேட்டுக்கொண்டே வந்து ஓர் இடத்தில் கையைத் தூக்கினார்.

“சாமி, ஏழாவது சீட்டு வரைக்கும் எடுத்தவங்களுக்கெல்லாம் காசு குடுத்தேன்னு சொன்னனுங்களே, அது இதுல வல்லையே?”

நீதிபதி தாளை வாங்கிப் பார்த்தார். எட்டாவது கேள்விக்கு நேராக ‘பொய்’ என்று மட்டும் இருந்தது. அதன் கீழே அந்த அம்மா சொன்னபடியே தன் கையால் எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பம் வைத்து, இப்போது ரேகை வாங்குங்கள் என்றார்.